கொக்குக்கு முளைத்த மீசை

கோடக்காவின் வேலை கோடு போடுவது. இதை வெளியில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. "கோடு போட்டா சம்பளமா?" என்று கேட்டுவிட்டு, பாவம், உண்மையான வேலையைச் சொல்ல வெட்கப்பட்டு மழுப்புகிறாள் என்ற மாதிரி பார்ப்பார்கள். அதனால் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி விசாரித்தால் "கம்பெனி வேலை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஆனால் அது கோடு போடுகிற வேலையேதான். பேனாவால் எழுதுகிற தொடுதிரைப் பலகைகளைச் செய்யும் கம்பெனி அது. புது மாடல் எதுவானாலும் விற்பனைக்குப் போகும் முன் இரண்டாம் மாடியில் இருக்கும் சோதனை அறைக்கு வந்தாக வேண்டும். அங்கே ஜன்னலோரம் மூன்றாவது மேஜை இவளுடையது. நேர்க்கோடு, வட்டம், புள்ளி, பேனாவை நிமிர்த்திப் பிடித்து ஒரு தடவை, சாய்த்துப் பிடித்து ஒரு தடவை என்று மொத்தம் நாற்பது சோதனைகள். அதில் பொல்லாதது மெதுவாக இழுக்கும் சாய்கோடு. வேகமாக இழுத்தால் எந்தத் திரையும் நல்ல பிள்ளை மாதிரி நடித்துவிடும். ஊர்ந்து போனால்தான் அதன் நடுக்கம் தெரியும். கோடு சுத்தமாக இருந்தால் தாளில் 'தேறியது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள்.

இந்தக் கை சும்மா வந்ததல்ல. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரைத் தவளையாக வரைந்து மாட்டிக்கொண்டு மூன்று நாள் வெளியே நின்றவள். பிறகு ஒரு தையல் கடையில் துணிமேல் சாக்குக்கட்டியால் வெட்டுக்கோடு போட்டாள். இந்தக் கம்பெனி நேர்முகத் தேர்வில் நாற்பது கோடு போடச் சொன்னார்கள். நாற்பதும் ஒன்றுக்கொன்று ஒரு மயிரிழை விலகாமல் இருப்பதைப் பார்த்து அன்றைக்கே எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டது ஒப்பந்த ஊழியராக. ஒப்பந்தம் அதிகபட்சம் ஒன்பது வருஷம். அதற்குள் நிரந்தரம் ஆக வேண்டும், இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டும். நான் சொல்லும் இந்த வாரத்தில் அவளுக்கு ஒன்பது வருஷம் முடிய மூன்று வாரம் பாக்கி இருந்தது. நிரந்தரமா வீடா என்பதைப் புதன்கிழமை பதினொரு மணிக்குத் தலைமைப் பொறியாளர் முடிவு செய்வதாக ஏற்பாடு.

அந்தப் பேனாக்களில் மை கிடையாது. பேனாவின் நுனியிலிருந்து சின்ன மின்துடிப்பு ஒன்று ஓயாமல் கிளம்பிக்கொண்டிருக்கும். கண்ணாடிக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கண்ணுக்குத் தெரியாத கம்பிகள். எந்தக் கம்பிக்குத் துடிப்பு பலமாகக் கேட்கிறதோ அங்கேதான் பேனா இருக்கிறது என்று திரை தீர்மானித்துக் கோடு வரையும். சார்ஜர் போடும் இரைச்சல், திரையே போடும் இரைச்சல், இத்தனைக்கும் நடுவில் பேனாவின் குரலை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். அதற்கான நிரலை எழுதுகிறவர் எதிர் மேஜைக்காரர். ஐம்பது வயது, வாயைத் திறந்தால் காசு கேட்பார்கள் என்பது போல இருப்பார். அறையில் அவருக்குச் சிக்னல்காரர் என்று பெயர். அவர் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிப்பதற்குத்தான் கோடக்காவுக்குச் சம்பளம். அப்படியும் இருவருக்கும் நல்ல சிநேகம்.

அறையில் ஒரு சட்டம் உண்டு. திரையைத் தொடுகிற யாரும் மணிக்கட்டில் பட்டை கட்டியிருக்க வேண்டும். பட்டையிலிருந்து ஒரு சுருள் வயர் மேஜைக்கு அடியில் தரையோடு இணைந்திருக்கும். உடம்பில் தேங்கிய மின்சாரம் கையிலிருந்து தாவி, திறந்து கிடக்கும் சர்க்யூட்டைப் பொசுக்கிவிடக் கூடாது என்பதற்காக இந்த முன்னேற்பாடு. பட்டை இல்லாமல் தொட்டால் வேலை போகும் என்று சுவரில் சிவப்பு எழுத்தில் ஒட்டியிருந்தது. ஒட்டியவர் தலைமைப் பொறியாளர்.

இந்தத் தலைமைப் பொறியாளரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆறடிக்குக் குறையாத உயரம். அதில் கழுத்துக்கே கணிசமான பங்கு. மூக்கு நுனியில் கண்ணாடி, சட்டைப் பையில் எப்போதும் நான்கு பேனா. ஒரு காலை எடுத்து வைத்து, யோசித்து, பிறகுதான் மறு காலை எடுப்பார். அறைக் கோடியில் இருக்கும் தன் கண்ணாடித் தடுப்பை விட்டு அவர் வெளியே வருவதே அபூர்வம். இப்படி ஒருவரைத் தினமும் எட்டு மணி நேரம் எதிரே உட்கார வைத்துவிட்டு, கையில் பேனாவையும் கொடுத்துவிட்டு, வரையாதே என்றால் எப்படி?

மத்தியானம் எல்லாரும் சாப்பிடக் கீழே போவார்கள். கோடக்கா மேஜையிலேயே டப்பாவைத் திறந்து எட்டு நிமிஷத்தில் முடித்துவிடுவாள். கை கழுவப் போகும்போது கழற்றிய பட்டையைத் திரும்பிவந்து கட்டமாட்டாள். தேறிய திரை ஒன்றை இழுத்து வைத்துக்கொண்டு, அதன் கீழ் மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கொக்கு வரைவாள். கண்ணாடி போட்ட கொக்கு. சட்டைப் பையில் நான்கு பேனா. தினம் ஒரு கோலம்: கொக்கு மீட்டிங்கில், கொக்கு லிஃப்டுக்குக் காத்திருக்கிறது, கொக்குக்கு ஜலதோஷம். யாராவது கதவைத் தள்ளிக்கொண்டு வந்தால் இடது கை தானாகப் போய்ப் படத்தின்மேல் தொப்பென்று படுத்துக்கொள்ளும். வலது கை ஒன்றும் அறியாத மாதிரி தொடர்ந்து வரைந்துகொண்டிருக்கும். அவர்கள் போனதும் ஒரு நிமிஷம் தனக்குத் தானே சிரித்துவிட்டு அழித்துவிடுவாள். ஒன்பது வருஷத்தில் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அந்தத் திங்கட்கிழமை, துப்புரவுக்காரி வாளியோடு உள்ளே வந்தாள். இடது கை போய்ப் படுத்தது. அவள் போன பிறகு கையை எடுத்துப் பார்த்தால் கொக்குக்கு மீசை முளைத்திருந்தது.

அலகுக்கு மேலே, கணக்காக, ஒரு குறுக்குக் கோடு. பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அதை அவள் போடவில்லை. அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள். இந்தத் தடவை வாசல் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது, கை விழுந்தது, மீசை வந்தது. பட்டையைக் கட்டிக்கொண்டு வரைந்து மறைத்தாள், வரவில்லை. கழற்றிவிட்டு வரைந்தாள், கையால் மறைக்கவில்லை, வரவில்லை. பட்டையும் இல்லாமல் கையாலும் மறைத்தால் மட்டும் வந்தது. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு எந்த மாடல் என்று பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். பதினோரு நாள் முன்பு அவளே 'தேறியது' என்று கையெழுத்துப் போட்ட மாடல். பள்ளிக்கூடங்களுக்கு நாலாயிரம் பலகைகள், வெள்ளிக்கிழமை லாரி ஏறப்போகின்றன.

புகார் எழுதினால் தீர்ந்தது. அதில்தான் சிக்கல். பேனா திரையில் பட்ட ஒவ்வொரு கணமும் உள்ளே பதிவாகும். திரையில் அழித்தாலும் பதிவு அழியாது. புகார் வராதவரை அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. வந்துவிட்டால் கோடு கோடாக, அவள் போட்ட அதே வரிசையில், சுவரில் பெரிதாக ஓட்டிப் பார்ப்பார்கள். பட்டையில்லாமல் தொட்டதும் தெரியும், தொட்டு என்ன செய்தாள் என்பதும் தெரியும்.

சாயங்காலம் வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். பாதிக் கதையிலேயே, கொக்கு என்றதும், சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

"சிரிங்க. உங்களுக்கென்ன. புதன்கிழமை என் தலைவிதி அந்த ஆள் கையில இருக்கு."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான். "புதன்கிழமை வாயை மூடிட்டு இரு. நிரந்தரம் ஆகட்டும். ஒரு மாசம் கழிச்சு மெதுவா சொல்லு, இப்பதான் பார்த்தேன்னு. உலகத்துல எவன் ஒரு கையால வரைஞ்சு இன்னொரு கையால மூடப் போறான்? உன்னை மாதிரி திருட்டுத்தனம் பண்றவங்கதான் பண்ணுவாங்க."

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. படுத்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். கெடுத்தது நாத்தனார். புருஷனின் தங்கை, பள்ளிக்கூட ஆசிரியை, மாடியில் குடியிருப்பவள். இஸ்திரிப் பெட்டி கேட்க வந்தவள் வாசற்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, எங்க பிள்ளைங்க பரீட்சைல எப்படி எழுதும்னு பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டாள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, இடது கையை வளைத்து, உள்ளங்கையை அப்பிப் போட்டு, அதற்குள் தலையைக் கவிழ்த்து எழுதிக் காட்டினாள். "பக்கத்துல இருக்கவன் பார்த்துடுவான்னு. ஒரு கிளாஸ்ல முப்பது பேர்னா முப்பது பேரும் இப்படித்தான். இந்த வருஷம் பெரிய பரீட்சை அந்தப் பலகைலதான். கழித்தல் கோட்டுக்குக் குறுக்கே இன்னொரு கோடு வந்தா கூட்டல் ஆயிடும். நான் தப்புன்னுதான் போடுவேன். எனக்கென்ன தெரியும் அது மீசைன்னு?"

புருஷனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கோடக்காவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒன்பது வருஷம் நாயாய் உழைத்தது வீணாகப் போகிறதே என்ற ஆத்திரம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு கடைசி முயற்சி செய்தாள். கண்ணியமான படம் ஒன்றில் அதே மீசையை வரவழைத்துவிட்டால் போதும், அந்தப் பதிவைக் கொண்டுபோய்க் காட்டிவிடலாம். பட்டையைக் கழற்றிவிட்டு ஒரு பூ வரைந்தாள், இடது கையால் மூடினாள். வரவில்லை. ஒரு டம்ளர் வரைந்தாள், ஒரு வீடு வரைந்தாள். வரவில்லை. பூவை மறைப்பதில் கைக்கு என்ன அவசரம்? விரல் நுனிகள் மட்டும் மரியாதையாகப் போய் உட்கார்ந்தன. எவ்வளவு அழுத்தினாலும் அந்தத் திருட்டுப் படுக்கை படுக்க மாட்டேன் என்றது. சலித்துப்போய் ஒரு கொக்கு வரைந்தாள். கீழே போயிருந்தவர்கள் திரும்பி வரும் பேச்சுச் சத்தம் கேட்டது. அடுத்த கணம் மீசை.

புதன்கிழமை கண்ணாடித் தடுப்புக்குள் நான்கு பேர். தலைமைப் பொறியாளர், கோப்போடு பணியாளர் பிரிவு அதிகாரி அம்மாள், அவளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல வந்த சிக்னல்காரர், இவள். சிக்னல்காரர் உண்மையிலேயே நாலே வார்த்தைதான் சொன்னார்: "இவங்க மாதிரி யாரும் இல்ல." அதிகாரி அம்மாள் தலையாட்டினாள். தலைமைப் பொறியாளர் பேனாவைத் திறந்து, கையெழுத்துப் போடுமுன் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"நீங்க ஏதாவது சொல்லணுமா?"

'ஒண்ணுமில்ல சார், நன்றி' என்று எழுந்திருக்க வேண்டிய இடம் அது. அவளும் அதைத்தான் காலையிலிருந்து மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

"வெள்ளிக்கிழமை போற மாடல்ல ஒரு தப்பு இருக்கு சார். தேறிடுச்சுன்னு கையெழுத்து போட்டது நான்தான்."

"எந்தச் சோதனையில?"

"சோதனையில இல்ல சார். சாப்பாட்டு நேரத்துல. பட்டையைக் கழட்டிட்டு."

அதிகாரி அம்மாளின் பேனா அப்படியே நின்றது. தலைமைப் பொறியாளர் திறந்த பேனாவை மூடினார். பதிவை ஓட்டச் சொன்னார்.

சுவர்த் திரையில் முதலில் ஒரு நீண்ட வளைவு வந்தது. "குழாயா?" என்றாள் அதிகாரி அம்மாள். பிறகு அலகு வந்தது. "பறவை" என்றார் தலைமைப் பொறியாளர். இரண்டு ஈர்க்குச்சிக் கால்கள் வந்தன. அலகின் நுனியில் ஒரு கண்ணாடி வந்தது. கோடக்கா தரையைப் பார்த்தாள். சட்டைப் பை வந்தது. ஒரு பேனா, இரண்டு பேனா, மூன்று பேனா. நான்காவதுக்கு அதிகாரி அம்மாளுக்கு இருமல் வந்து, கோப்பை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டாள். சிக்னல்காரர் மட்டும் படத்தைக் கவனிக்கவே இல்லை. ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த எண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இப்ப பாருங்க. இடது உள்ளங்கை வருது" என்றார்.

மீசை தானாக முளைத்தது.

"அது நான் போடல சார்" என்றாள் கோடக்கா.

"மீதி?"

"மீதி நான்தான் சார்."

அவளுக்கு இரண்டு விஷயம் ஒரே சமயத்தில் தோன்றியது. வேலை போயிற்று என்பது ஒன்று. சொல்லவும் வெட்கம், பார்த்த உடனே அடையாளம் கண்டுகொண்டார்களே என்ற சந்தோஷம் இன்னொன்று. தலைமைப் பொறியாளர் எழுந்து சுவர்த் திரைக்கு அருகே போய் அந்த மீசையை விரலால் அளந்து பார்த்தார். "லாரியை நிறுத்துங்க" என்று சிக்னல்காரரிடம் சொன்னார். "ஃபைலை மூடுங்க" என்று அதிகாரி அம்மாளிடம் சொன்னார். இவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

நோய் என்ன என்று கண்டுபிடிக்க இரண்டு நாள், மருந்துக்கு ஏழு நாள் ஆயிற்று. சிக்னல்காரர் வாழ்நாளில் பேசாததையெல்லாம் அந்த ஒன்பது நாளில் பேசினார்.

"பேனாவோட துடிப்பு கம்பிக்குப் போகுதா? அதே கம்பி மேல உங்க இடது கை அப்பிக் கிடக்கு. அது துடிப்பை வாங்கிக்குது. பட்டை கட்டியிருந்தா அப்படியே தரைக்குப் போயிடும். பட்டை இல்லல்ல, போக வழி தெரியாம, அந்தக் கை தொடற மத்த கம்பியிலெல்லாம் கொண்டுபோய்க் கொட்டுது. திரை என்ன பண்ணும்? அங்கேயும் ஒரு பேனா இருக்குன்னு நம்பிடுது."

"வலது கையும்தானே கண்ணாடி மேல கிடக்கு?"

"அதைத் தள்ளிடணும்னு நான் சொல்லிக்கொடுத்திருக்கேன். எழுதற கை பக்கத்துல இருக்கும்னு தெரியும். இடது கைக்கு அங்க என்ன வேலைன்னு நினைச்சேன்." சற்று யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "நான் பரீட்சைல பேப்பரை மறைச்சதே இல்லக்கா. என்னை யாரும் பார்த்து எழுதமாட்டாங்க."

கடைசியில் அவர் திரைக்கு ஒரு புத்தி சொல்லிக்கொடுத்தார்: எத்தனை கை கிடந்தாலும் முதலில் அவை எங்கெங்கே கிடக்கின்றன என்று பார், கைகளுக்கு அடியில் கேட்கிற துடிப்பை அளந்து மொத்தத்திலிருந்து கழித்துவிடு, மிச்சம் இருப்பதுதான் பேனா. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமே. ரப்பர் கை வைத்துப் பார்த்தார்கள், சிக்னல்காரர் தன் கையை அமுக்கிப் பார்த்தார். பழைய நிரலிலேயே ஐந்து தடவைக்கு ஒரு தடவைதான் மீசை வந்தது. அப்படி வந்தும் வராமலும் இருந்தால் மருந்தை எதை வைத்து நம்புவது? கோடக்கா கொக்கு வரைந்து மறைத்தால் மட்டும் பத்துக்குப் பத்து. ஆகவே அந்த வாரம் முழுவதும் அவள் மேலிடத்தின் வாய்மொழி அனுமதியோடு, வேலை போகப்போகிற பயத்தில் இடது கை தவறாமல் விழ, எழுபது கொக்கு வரைந்தாள். எழுபதாவதில் மீசை இல்லை. நாலாயிரம் பலகைகளுக்கும் புது நிரல் ஏற்றி லாரி கிளம்பிப் போயிற்று.

ஒன்பது வருஷம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது அதிகாரி அம்மாள் கூப்பிட்டனுப்பினாள். கோடக்கா மேஜையைக் காலி செய்துவிட்டுத்தான் போனாள். டப்பா, தண்ணீர்ப் பாட்டில், மூக்குக்கண்ணாடிக் கூடு எல்லாம் பையில். அழக்கூடாது என்று படியிறங்கும்போதே முடிவு கட்டியிருந்தாள்.

"உட்காருங்க" என்றாள் அதிகாரி அம்மாள். "பட்டையைக் கழட்டினா வேலை போகும்ங்கறது விதி. அதை எழுதினவரே அவர்தான். அதனால நான் அவரையே கேட்டேன், என்ன பண்றதுன்னு. இதை அனுப்பியிருக்கார்." தாளை எடுத்து வாசித்தாள்.

"'சோதனை எண் நாற்பத்தொன்று. சோதகர் மணிக்கட்டுப் பட்டை அணியாமல், அதிகாரி பார்க்கக் கூடாத படம் ஒன்றைத் திரையில் வரைந்து, இடது உள்ளங்கையால் மறைக்க வேண்டும். பிசகுக்கோடு தோன்றக் கூடாது. குறிப்பு: ஒப்பந்த ஊழியர் வேலை போய்விடும் என்று அஞ்சுவார். அஞ்சினால் புகார் எழுத மாட்டார். எழுதாவிட்டால் சோதனையால் பயனில்லை. எனவே இந்தச் சோதனையை நிரந்தர ஊழியர் மட்டுமே நடத்த வேண்டும். தகுதியான நபர் ஒருவர்தான் இருக்கிறார்.'"

அழக்கூடாது என்ற முடிவு அங்கேயே காற்றில் போயிற்று. அதிகாரி அம்மாள் மேஜை இழுப்பறையிலிருந்து கைக்குட்டை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "என்னை என்னவா வரைஞ்சிருக்கீங்க?" என்று கேட்டாள். கோடக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே, இன்னும் வரையவில்லை என்று பொய் சொன்னாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை பதினொரு மணி, புது மாடல், சோதனை எண் நாற்பத்தொன்று. பட்டையைக் கழற்றி எல்லாரும் பார்க்க மேஜைமேல் வைத்தாள். கீழ் மூலையில் வரைய ஆரம்பித்தாள். கழுத்து வந்தது, அலகு வந்தது, கண்ணாடி வந்தது. இடது கை மடியிலேயே கிடந்தது. துப்புரவுக்காரி வந்து போனாள். நாலு பேர் மேஜையைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தன் நின்று பார்த்துவிட்டு "நல்லா இருக்குக்கா" என்று வேறு சொல்லிவிட்டுப் போனான். கை அசையவே இல்லை. எடுத்து வைத்துப் பார்த்தாள். விரல் நுனிகள் மரியாதையாக உட்கார்ந்தன. அரை மணி நேரம் போராடிவிட்டு எழுந்து போய்க் கண்ணாடித் தடுப்பைத் தட்டினாள்.

"சார், நாப்பத்தொண்ணு நடக்கமாட்டேங்குது."

"ஏன்?"

"நிரந்தர ஆர்டர் வந்ததுலேர்ந்து இந்தக் கைக்குப் பயம் விட்டுப்போச்சு சார். தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க கொஞ்சம் வந்து என் பின்னால நின்னு எட்டிப் பார்த்தா நல்லா இருக்கும்."

அவர் அவளை நிதானமாகப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பிறகு எழுந்து, ஒரு காலை எடுத்து வைத்து, யோசித்து, மறு காலை எடுத்து வைத்து, அறை முழுக்க வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, மூன்றாவது மேஜைக்குப் பின்னால் வந்து நின்றார். அவள் பேனாவை எடுத்துச் சட்டைப் பையை வரைந்தாள். அவர் குனிந்து கழுத்தை நீட்டினார்.

இடது கை தொப்பென்று விழுந்தது.

"சுத்தமா இருக்கு" என்றார் எதிர் மேஜையிலிருந்து சிக்னல்காரர், எண்களைப் பார்த்தபடி.

"கையை எடுங்க, பார்ப்போம்" என்றார் தலைமைப் பொறியாளர்.

"மன்னிக்கணும் சார். அதிகாரி பார்க்கக் கூடாத படம்னு விதியில இருக்கு."

அவர் சிறிது நேரம் அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். மறுநாள் பதினொரு மணிக்கு யாரும் கூப்பிடாமலே வந்து நின்றார்.